சான்றிதழ் பெறுமுன் எழுத்தறிவுத் தேர்வு

ஒரு பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்கிறான். ஆண்டுதோறும் வகுப்பு உயர்வு பெறுகிறான். முன்னேற்ற அறிக்கையில் நடுத்தர மதிப்பெண்கள். வீட்டிலும் கவலை இல்லை. கடைசியில் பள்ளி இறுதிச் சான்றிதழையும் வாங்கிவிடுகிறான். அதன் பின்னர்தான் தெரிகிறது, அவனுடைய வாசிக்கும் திறன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவிலேயே நின்றுவிட்டது என்பது. இதற்கு யாரைப் பொறுப்பாக்குவது?

இது கற்பனை அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. வழக்குத் தொடுத்த பதினெட்டு வயது இளைஞனின் முழுப்பெயர் வெளியிடப்படவில்லை. சட்ட நூல்களில் 'பீட்டர் டபிள்யூ.' என்றே அவன் குறிக்கப்படுகிறான். எட்டாம் வகுப்பு அளவுக்கு மேல் வாசிக்கத் தெரிந்தால்தான் சான்றிதழ் தரலாம் என்று அம்மாநிலக் கல்விச் சட்டமே சொல்லியிருந்தும் தனக்குச் சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள் என்பது அவன் குறை. "உங்கள் மகன் வகுப்புக்கு ஏற்ற அளவில் படிக்கிறான்" என்று பள்ளியினர் தன் தாயிடம் கூறி வந்தார்கள் என்பது மற்றொரு குறை. எழுத்தும் வாசிப்பும் தேவைப்படாத வேலைகளுக்கே தான் தகுதியானவன் ஆகிவிட்டதாகவும், அதற்குப் பள்ளி நிர்வாகம் ஈடு செய்ய வேண்டும் என்றும் அவன் கேட்டான்.

1976ஆம் ஆண்டு கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாலையில் வண்டி ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கற்பித்தல் அப்படிப்பட்டதன்று. எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பிள்ளையின் உடல்நிலை, மனநிலை, வீடு, சூழல் என்று பள்ளியின் கைக்கு எட்டாத பலவும் எழுத்தறிவைப் பாதிக்கின்றன. ஆகவே இது பள்ளியின் குற்றம் என்று சட்டத்தால் அளந்து சொல்ல இயலாது என்றார்கள் நீதிபதிகள். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்கள்: இத்தகைய வழக்குகளுக்குக் கதவைத் திறந்துவிட்டால் பள்ளிகளால் தாங்க இயலாது.

நீதிமன்றம் கைவிரித்த அந்த இடத்தில்தான் நம் கட்டுரையின் பொருள் தொடங்குகிறது. வாசிக்கத் தெரியாதவன் கையில் சான்றிதழ் போய்ச் சேராமல் தடுக்க, சான்றிதழ் வழங்குமுன் எழுத்தறிவுத் தேர்வு ஒன்றை வைத்து, அதில் தேறினால்தான் சான்றிதழ் என்று சட்டம் செய்தால் என்ன? அக்காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் இவ்வழியிலேயே சிந்தித்துக் கொண்டிருந்தன.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைப் போல மாநிலம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள், வெளியார் திருத்தம் என்னும் ஏற்பாடு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அன்று பெரும்பாலும் இல்லை. ஒரே விதிவிலக்குப் போல நியூயார்க் மாநிலத்தில் மட்டும் ரீஜெண்ட்ஸ் எனப்படும் பழைய பொதுத்தேர்வு இருந்து வந்தது. மற்ற இடங்களில் பிள்ளை எந்தெந்தப் பாடங்களை எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தந்த ஆசிரியரே மதிப்பெண் இடுவார். கணக்கு நிறைந்தால் பள்ளியே 'டிப்ளமா' என்னும் சான்றிதழை வழங்கிவிடும். நம் ஊரில் டிப்ளமா என்றால் தொழில்நுட்பப் படிப்பு நினைவுக்கு வரும். அங்கே அது பள்ளி இறுதிச் சான்றிதழின் பெயர். அது இல்லாமல் நல்ல வேலையோ கல்லூரியோ எளிதில் கிடைப்பதில்லை.

1970களில் அச்சான்றிதழின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் ஆண்டுதோறும் சரிந்து வந்தன. ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லையே என்று வேலை கொடுப்போர் சலித்துக் கொண்டார்கள். வரி கட்டுவோர் கணக்குக் கேட்டார்கள். எனவே 'குறைந்தபட்சத் திறன் தேர்வு' என்னும் இயக்கம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. அதை மிகவும் விரைவாக, மிகவும் கண்டிப்பாகக் கைக்கொண்ட மாநிலம் ஃபுளோரிடா.

ஃபுளோரிடா சட்டமன்றம் 1976இல் கல்விப் பொறுப்புடைமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1978இல் அதைத் திருத்தி, 1979இல் பள்ளியை முடிக்கும் வகுப்பிலிருந்து எழுத்தறிவுத் தேர்வில் தேறியவர்களுக்கே டிப்ளமா என்று விதித்தது. தேர்வுக்கு 'பயன்பாட்டு எழுத்தறிவுத் தேர்வு' என்று பெயர். மொழித் திறன், கணக்கு என்று இரண்டு பகுதிகள். 24 அடிப்படைத் திறன்கள். தேறுவதற்கு நூற்றுக்கு 70. இலக்கியம், இலக்கணம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. எழுத்தும் எண்ணும் அன்றாட வாழ்க்கையில் பயன்படுமாறு தெரிந்திருக்கின்றனவா என்பதே சோதனை. தவறினால் மீண்டும் எழுதலாம். எத்தனை முறை எழுதியும் தேறாவிட்டால், மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாலும், 'பள்ளி நாட்களை முடித்தார்' என்னும் வேறு ஒரு சீட்டுதான் கிடைக்கும்.

படிக்கும்போது இது நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கடையில் கொடுத்த சில்லறையை எண்ணத் தெரியாதவனுக்குப் பள்ளிச் சான்றிதழ் எதற்கு என்று யாரும் கேட்பார்கள்.

1977 அக்டோபரில் தேர்வு முதன்முறை நடந்தது. 1979இல் பள்ளியை முடிக்க வேண்டியவர்கள் அப்போது பதினோராம் வகுப்பில் இருந்தார்கள். முடிவு வந்தது. எழுதியவர்களில் 36 விழுக்காட்டினர் இரண்டு பகுதிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ தவறியிருந்தார்கள். நூற்றுக்கு முப்பத்தாறு என்பதே பெரிய எண். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மாநிலமே திடுக்கிட்டது. வெள்ளை மாணவர்களில் தவறியவர்கள் 25 விழுக்காடு. கறுப்பின மாணவர்களில் தவறியவர்கள் 78 விழுக்காடு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதிய பிறகு இவ்வெண்கள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் இடைவெளி மறையவில்லை. பள்ளியை முடிக்கும் தறுவாயில் இருந்த வெள்ளையரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே தேறாமல் நின்றார்கள். கறுப்பின மாணவரிலோ 20 விழுக்காட்டினர், அதாவது ஐந்தில் ஒருவர், தேறாமல் நின்றார்கள்.

அவ்வாறு நின்றவர்களுள் சிலர் 1978இல் டாம்பா நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகினார்கள். சிறுவயதினர் ஆகையால் முழுப்பெயர் வெளியிடப்படவில்லை. பட்டியலில் முதலில் நின்ற மாணவியின் பெயரால் அது 'டெப்ரா பி.' வழக்கு என்று வழங்குகிறது. எதிர்வாதி அம்மாநிலத்தின் கல்வி ஆணையர் ரால்ஃப் டர்லிங்டன். பீட்டரின் வழக்கையும் டெப்ராவின் வழக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவன், "வாசிக்கக் கற்றுத் தராமல் ஏன் சான்றிதழ் தந்தாய்?" என்று கேட்கிறான். மற்றவளோ, "கற்றுத் தராமல் ஏன் சான்றிதழை மறுக்கிறாய்?" என்று கேட்கிறாள். குறை ஒன்றுதான்.

நீதிபதி ஜார்ஜ் கார் முன்னிலையில் விசாரணை நடந்தது. வினாத்தாளை மட்டும் பார்த்து அவர் தீர்ப்பு எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் அவர்களுடைய பள்ளி வாழ்க்கையை எடுத்துப் பார்த்தார். இங்கே நாமும் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அடிமை முறை இருந்த காலத்தில், அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதே சட்டப்படி குற்றம். அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றே வைத்திருந்தார்கள். பெயருக்குச் சமம். உண்மையில் கட்டடம், பாட வகைகள், பாடக் கருவிகள் எல்லாவற்றிலும் தாழ்வு. அதே மாநிலங்கள் பலவற்றில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கறுப்பினத்தவர் எழுதினால் தேற முடியாதபடி அதை நடத்தினார்கள். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்குத் தடை ஏற்பட்டது. ஆகவே 'எழுத்தறிவுத் தேர்வு' என்னும் சொல்லைக் கேட்டதும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிகளை இன வாரியாகப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாளே பள்ளிகள் ஒன்றாகிவிடவில்லை. ஃபுளோரிடாவில் அது நடந்து முடிய 1971 ஆகிவிட்டது. 1979இல் பள்ளியை முடிக்க இருந்தவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்தது 1967இல். ஆகவே அவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் பலர் முதல் நான்கு வகுப்புகளைப் பிரிக்கப்பட்ட, தாழ்ந்த பள்ளிகளிலேயே படித்தவர்கள். எழுத்தறியும் வயது எந்த வயது? அந்த நான்கு வகுப்பு வயதுதானே? எழுத்துக் கூட்டுவதிலும் கூட்டல் கழித்தலிலும் அடித்தளம் விழும் ஆண்டுகளில் அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள். பள்ளிகள் ஒன்றான பிறகும் தொல்லை தீரவில்லை. மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகளே அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். இவற்றையெல்லாம் நீதிபதி தம் தீர்ப்பில் பதிவு செய்தார்.

1979 ஜூலையில் தீர்ப்பு வந்தது. எழுத்தறிவுத் தேர்வு வைக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மாணவர் எழுதப் படிக்கத் தெரிந்து வெளியே வர வேண்டும் என்று மாநிலம் விரும்புவது தவறன்று என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் இரண்டு குறைகளைக் காட்டினார். முதலாவது, முன்னறிவிப்பு போதவில்லை. பள்ளி வாழ்க்கை முடியும் தறுவாயில் திடீரென்று புதிய நிபந்தனையை நுழைத்தது முறையன்று. இரண்டாவது, பழைய அநீதியின் விளைவு இன்னும் தீராத நிலையில் இத்தேர்வை வைத்துச் சான்றிதழை மறுப்பது அந்த அநீதியையே நீட்டிப்பதாகும். ஆகவே 1982-83 கல்வியாண்டு வரை, நான்கு ஆண்டுகளுக்கு, இத்தேர்வைக் காரணம் காட்டி எவருக்கும் டிப்ளமாவை மறுக்கக் கூடாது என்று தடை விதித்தார்.

ஏன் நான்கு ஆண்டுகள்? மூன்றாகவோ ஐந்தாகவோ இருக்கக் கூடாதா? கணக்கில் ஆர்வமுள்ள மாணவிகள் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிகள் ஒன்றானது 1971இல். அவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டு வகுப்பும் படித்து வெளியே வருவது 1983இல். பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரே பள்ளியில், ஒரே வகையான புத்தகத்தைப் படித்த முதல் வகுப்பு அதுதான். அந்த வகுப்பு வரும் வரை பொறுத்திரு என்று மாநிலத்துக்குச் சொன்னார் நீதிபதி. சட்ட நூல்களில் எத்தனையோ தீர்ப்புகள் உண்டு. ஒரு முதல் வகுப்புப் பிள்ளையின் வயதைக் கணக்கிட்டுக் கெடு வைத்த தீர்ப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1981 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்ததோடு, வழக்கில் அதுவரை முழுமையாக எழாத ஒரு கேள்வியையும் எழுப்பியது. அந்த நீதிமன்றத்தின் வாதத்தை எளிமையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டது மாநிலம். வந்து, பாடங்களில் தேறினால் சான்றிதழ் உண்டு என்று எதிர்பார்க்க வைத்ததும் மாநிலம். அந்த எதிர்பார்ப்பு நிலபுலன் போன்ற ஒரு சொத்து. முறையான காரணமின்றி எவருடைய சொத்தையும் அரசு பறிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கூறுகிறது. சொல்லித் தராத ஒன்றில் தேர்வு வைத்துச் சான்றிதழை மறுப்பது முறையான காரணம் ஆகுமா? ஆகாது. எனவே, வினாத்தாளில் உள்ளவை வகுப்பறைகளில் உண்மையிலேயே கற்பிக்கப்பட்டனவா என்பதை மாநிலம் முதலில் மெய்ப்பிக்கட்டும் என்று சொல்லி, வழக்கை மீண்டும் நீதிபதி காரிடமே அனுப்பி வைத்தார்கள்.

தேர்வு என்றால் மாணவி எழுதுவாள், ஆசிரியர் திருத்துவார். இங்கேயோ மாநிலம் முழுவதுமே தேர்வு எழுத வேண்டியதாயிற்று. ஃபுளோரிடாவில் 67 கல்வி மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு மாவட்டமும் எந்தத் திறனை எந்த வகுப்பில் கற்பிக்கிறது என்று அறிக்கை தர வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கு வினாப் படிவம் அனுப்பி, "இத்திறனை நீங்கள் கற்பித்தீர்களா?" என்று கேட்டார்கள். பார்வையாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று அறிக்கைகளைச் சரிபார்த்தார்கள். கடைசியாகப் பிள்ளைகளிடமே கேட்டார்கள்: "இதை உனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்களா?" மிகப் பெரும்பாலோர் ஆம் என்று விடையளித்தார்கள்.

மாணவர் தரப்பு வழக்கறிஞர்கள் விடவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் கற்பித்ததாகிவிடுமா, பிள்ளைக்குப் புரியும் அளவுக்குச் சொல்லப்பட்டதா, எல்லா வகுப்பறைகளிலும் ஒரே அளவில் சொல்லப்பட்டதா என்று மடக்கினார்கள்.

இந்த இடத்தில் கட்டுரையைச் சிறிது நிறுத்தி என்னைப் பற்றி ஒன்று சொல்லிக் கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் வாரத்தில் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "நான் நடத்திவிட்டேன், அவள்தான் படிக்கவில்லை." நானும் அதைப் பலமுறை சொன்னவள்தான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இவ்வழக்கைப் படித்த பிறகு, ஒரே வினாவில் வகுப்பில் பாதிப் பேர் தவறியிருக்கும் தாளைக் கையில் எடுத்தால், என் பாடக்குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை ஒதுக்கினேன் என்று பார்க்கத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு அப்படிப் பார்த்தபோது ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு பாடவேளை என்று இருந்தது. அதிலும் பாதி நேரம் விளையாட்டு விழா ஒத்திகைக்குப் போய்விட்டது.

நீதிபதி கார் 1983இல் தம் முடிவைக் கூறினார். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒவ்வோர் ஆசிரியரும் எப்படிக் கற்பித்தார் என்று நீதிமன்றம் அளந்து காட்ட இயலாது. பாடத்திட்டத்தில் அத்திறன்கள் இருக்கின்றன. அவற்றைக் கற்பிப்பது தம் கடமை என்று ஆசிரியர்களும் அறிந்திருக்கிறார்கள். தவறியவர்களுக்கு மறுபயிற்சியும் பலமுறை எழுத வாய்ப்பும் கொடுக்கப்படுகின்றன. ஆகவே தேர்வு நியாயமானது என்று தடையை நீக்கினார். 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்திருந்ததையும் நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள். எழுத்தறிவுத் தேர்வு என்னும் அச்சுறுத்தலே பள்ளிகளைக் கடைசி வரிசைப் பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் 1983 வகுப்பில் தேறாமல் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மாணவர்களே. மாநில மாணவர் தொகையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் படித்தும் அவ்விடைவெளி முற்றிலும் மறையவில்லை.

இவ்வழக்கு விட்டுச் சென்ற நெறிகள் இரண்டு. போதிய காலத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. கற்பித்ததில்தான் சோதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பிற்காலத்தில் பள்ளி இறுதித் தேர்வு வைத்த அமெரிக்க மாநிலங்கள் இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே சட்டம் செய்தன. டெக்சாஸ் மாநிலத் தேர்வின் மீது வழக்கு வந்தபோது, 2000ஆம் ஆண்டு நீதிமன்றம் இவ்வளவுகோல்களையும் வைத்துப் பார்த்தே தேர்வு செல்லும் என்றது. அண்மைக் காலத்தில் காற்று மறுபக்கம் வீசுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல்லாண்டுகளாக இருந்து வந்த இத்தகைய கட்டாயத்தை 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்த நாடான கனடாவில் ஒன்டாரியோ மாநிலம் சற்றே வேறுபட்ட வழியில் சென்றது. அதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம், இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல்லாயிரம் 1983க்குப் பிறகு அங்குக் குடியேறி, அவர்களுடைய பிள்ளைகளும் இத்தேர்வை எழுதி வந்திருக்கிறார்கள் என்பது. 1999இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து அங்கு எழுத்தறிவு ஒரு கட்டாயமாயிற்று. தேர்வைப் பத்தாம் வகுப்பிலேயே வைக்கிறார்கள். கேட்பதோ ஒன்பதாம் வகுப்பு முடிய எல்லாப் பாடங்களிலும் தேவைப்படும் வாசிப்பும் எழுத்தும். ஆகவே தவறினாலும் பள்ளியை விடுமுன் ஈடு செய்து கொள்ளக் காலம் இருக்கிறது. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாமல் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள், மொழியைக் கற்றுக்கொள்ளும் வரை தேர்வைத் தள்ளிப் போட்டுக் கொள்ளலாம். எல்லாவற்றினும் முக்கியமாக, தேர்வில் தவறியவர்களுக்கென்று 2003 வாக்கில் ஒரு பாட வகுப்பை ஏற்படுத்தினார்கள். அதில் சேர்ந்து, பலவகைக் கட்டுரைகளை வாசித்து, சுருக்கி எழுதி, தம் எழுத்துகளைத் தொகுத்துக் காட்டித் தேறினால் எழுத்தறிவு நிபந்தனை நிறைவேறிவிடும். ஒரு நாள் காலையில் பேனாவுடன் உட்காரும் சில மணி நேரத்தை மட்டும் நம்பாமல், பாட வகுப்பு முழுவதும் ஆசிரியர் கண்முன் நடக்கும் வேலையையும் கணக்கில் எடுத்துக் கொள்ளும் இவ்வேற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏட்டுப் படிப்புப் பிரிவில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை தேறிய ஆண்டுகளில், செயல்முறைப் பிரிவில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை இப்படி இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்தை 2022இல் கைவிட்டார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பீட்டரின் தாய் முன்னேற்ற அறிக்கையை நம்பினார். நீங்களும் எங்களை நம்புங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் உங்கள் மகளை அருகில் அமர்த்தி, பாடப்புத்தகம் அல்லாத எதையாவது, மருந்துச் சீட்டையோ மின்கட்டண அட்டையோடு வரும் அறிவிப்பையோ வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பொருள் புரிகிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். தடுமாறினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இனி மாணவிகளுக்கு ஒரு பயிற்சி. ஒன்டாரியோ தேர்வு காகிதத்தில் நடந்த ஆண்டுகளில், ஒரு படமும் ஒரு தலைப்பும் மட்டும் கொடுத்து, யார், எங்கே, எப்போது, என்ன, ஏன் என்பவற்றைப் பிள்ளைகளே புனைந்து ஒரு பக்கச் செய்தியாக எழுதச் சொல்வார்கள். நீங்களும் எழுதிப் பாருங்கள். தலைப்பு: 'மழையிலும் நடந்த பள்ளி விழா'. படம் உங்கள் மனத்திலேயே இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்துக்குள் என்னிடம் தரலாம். இம்முறை போதிய முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறேன்.